யார் தேடுகிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்: சித்திரை விடுமுறைக்குச் சில மர்ம நாவல்கள்

முள்ளியவளையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: சித்திரை விடுமுறையில் வாசிப்பதற்குப் புதிதாக வந்த மர்ம நாவல்களும் திகில் நாவல்களும் எவை? ராஜேஷ்குமாரையும் சுஜாதாவையும் பாடசாலைக் காலத்திலேயே வாசித்து முடித்துவிட்டாராம். ஆங்கிலத்தில் வாசிப்பதில் அவருக்குச் சிரமமில்லை; ஆனால் தமிழ் மட்டும் வாசிக்கும் தாயாருக்கும் சில நூல்கள் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் இரத்தமும் சித்திரவதையும் வருகிற நூல்கள் வேண்டாம் என்பது அவர் விதித்திருக்கும் நிபந்தனை. வன்னியில் ஒருவர் அப்படி நிபந்தனை விதித்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

நூற்பெயர்களைச் சொல்வதற்கு முன் ஓர் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலிலுள்ள நூல்களை அதைக் கொண்டே தெரிவு செய்திருக்கிறேன். மர்ம நாவலை வாங்கும்போது குற்றம் என்ன, கொலை எத்தனை என்று பின்னட்டையில் தேடுவதைவிட, அந்த நாவலில் உண்மையைத் தேடுபவர் யார் என்று பாருங்கள். துப்பறியும் கதையின் பழைய ஒழுங்கு எல்லோரும் அறிந்தது: குற்றம் நடக்கிறது, அதிகாரமுள்ள ஒருவர் வருகிறார், விசாரிக்கிறார், கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிப்படுகிறது, நீதி நிலைநாட்டப்படுகிறது. இந்த ஒழுங்கின் இரண்டாவது படியிலேயே எங்கள் வாசகர்களிற் பலர் தடுக்கி நிற்கிறார்கள். சீருடை அணிந்த ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தால் உண்மை வெளிவரும் என்று நம்புவதற்கு இங்கே வாழ்ந்தவர்களுக்கு அனுபவம் இடங்கொடுப்பதில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. அங்கே தேடியவர்கள் தாய்மார். கையில் இருந்தவை ஒரு புகைப்படமும், பழைய கடிதங்களும், யார் எங்கே கடைசியாகக் கண்டார் என்ற வாய்மொழியும். அந்தக் காட்சியைக் கடந்து பாடசாலைக்குப் போய்வரும் ஒருவர், மூளையாலேயே எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுகிற இன்ஸ்பெக்டரின் கதையை வாசித்துச் சலிப்படைந்தால் அது வாசகரின் குறையன்று.

நல்ல காலமாக, கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் உலகெங்கும் வந்திருக்கும் மர்ம நாவல்களில் ஒரு பெரும் பகுதி, தேடுகிற வேலையைப் பொலிஸாரிடமிருந்து எடுத்துச் சாதாரண மனிதரிடம் கொடுத்திருக்கிறது. முதியோர், பதிப்பாசிரியர், பயிற்சியிலுள்ள சட்டத்தரணிகள், சில வேளைகளில் இறந்துபோனவர் தாமே தேடுகிறார்கள். சிலவற்றில் தேடுபவர் வாசகர் மட்டுமே. தமிழுக்கு இது முற்றிலும் புதியதும் அன்று. நடேச சாஸ்திரியார் 1894இல் வெளியிட்ட ‘தானவன்’ ஒரு பொலிஸ் நிபுணரின் கதைதான். ராஜேஷ்குமாரின் விவேக்கும் குற்றப்பிரிவு அதிகாரியே. ஆனால் தமிழ்வாணனின் சங்கர்லாலும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தியும் தனியார் துப்பறிவாளர்கள். சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் வழக்கறிஞர்கள். எங்கள் பக்கத்தில் இவர்களுக்கு இருந்த செல்வாக்குக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கை மாறிக் கை மாறி வந்த மாத நாவல்களுக்கு முன்னட்டையும் இராது, பல வேளைகளில் கடைசித் தாளும் இராது. கொலையாளி யார் என்று அறியாமலே ஒரு தலைமுறை அவற்றை வாசித்து முடித்தது.

இப்போது நூல்களுக்கு வருகிறேன். உங்களுக்கு முதலில் தரக்கூடிய நூல் ஜானிஸ் ஹலெட் எழுதி 2021இல் வெளிவந்த ‘தி அப்பீல்’. இந்த நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் இல்லை. இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் இயங்கும் நாடகக் குழுவினர் ஒருவருக்கொருவர் அனுப்பிய மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள், அறிவித்தல்கள் ஆகியவைதாம் நாவல் முழுவதும். குழுவை நடத்தும் குடும்பத்தின் பேத்திக்குக் கொடிய நோய்; வெளிநாட்டிலிருந்து மருந்து தருவிப்பதற்காக ஊரே சேர்ந்து பெருந்தொகை திரட்டத் தொடங்குகிறது. பிறகு ஒரு கொலை. ஒருவர் சிறையில் இருக்கிறார். அவர் குற்றவாளிதானா என்று பார்க்கும்படி மூத்த சட்டத்தரணி ஒருவர் தம்மிடம் பயிலும் இருவரிடம் அந்தக் கடிதக் கட்டைக் கொடுக்கிறார். கொல்லப்பட்டவர் யார் என்பதுகூட நெடுநேரம் வரை எங்களுக்குத் தெரியாது. தாளைப் புரட்டுகிற நாங்கள், யார் யாருக்குப் பதில் எழுதவில்லை, யார் அளவுக்கு மீறிப் பணிவு காட்டுகிறார், எந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று கவனிக்கத் தொடங்குகிறோம். ஒரு பிள்ளையின் சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டுக் கனடாவுக்கும் சுவிசுக்கும் போகிற வாட்ஸ்அப் செய்திகளைத் தினமும் காண்கிற எங்களுக்கு, நன்கொடையைச் சுற்றி எழும் ஐயமும், ஐயப்பட்டதற்காக எழும் வெட்கமும் நன்றாகப் புரியும். வன்முறை மேடைக்குப் பின்னால் நிற்கிறது. இரவில் தாராளமாக வாசிக்கலாம். ஒரு கடதாசியையும் பேனையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பாத்திரங்களின் தொகை அதிகம். முதல் ஐம்பது பக்கம் சற்று இழுக்கும்.

அடுத்தது ஜப்பானிய எழுத்தாளர் உகெட்சு. வெள்ளை முகமூடியும் கறுப்பு உடையும் அணிந்து, குரலையும் மாற்றிக்கொண்டு யூடியூப்பில் தோன்றும் இவரின் உண்மைப் பெயரை வாசகர் அறியார். ஜிம் ரியன் ஆங்கிலத்தில் பெயர்த்த ‘ஸ்ட்ரேஞ்ச் பிக்சர்ஸ்’ 2025இன் தொடக்கத்தில் வெளிவந்தது. இதில் தடயங்கள் எல்லாம் சித்திரங்கள்: பிரசவத்துக்கு முன் ஒரு பெண் வரைந்து கணவரிடம் விட்டுச்சென்ற படங்கள், ஒரு சிறுவன் தன் வீடிருக்கும் மாடிக்கட்டடத்தை வரைந்துவிட்டு ஓரிடத்தை மட்டும் சாம்பல் நிறத்தால் அழித்திருக்கும் படம், மலையில் கொல்லப்பட்ட சித்திர ஆசிரியர் சாவதற்கு முன் கீறிய மலைத்தொடர். படங்கள் நூலிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. பாத்திரங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு ஏமாற்றுக்கானது அன்று. தனித்தனியாகத் தோன்றும் கதைகள் பின்னர் ஒன்றோடொன்று பொருந்துகிற விதம் இந்த நூலின் உண்மையான திறமை. ஆங்கிலம் மிக எளிமையானது. உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் மாணவர்கள்கூட அகராதி இல்லாமல் வாசித்துவிடுவார்கள். ஆசிரியை என்பதால் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: பிள்ளைகள் வரையும் படங்களைத் திருத்துகிற கண் இதை வாசித்த பிறகு சற்று மாறும். சில இடங்களில் கொடுமை உண்டு, குறிப்பாகத் தாய்மையைச் சுற்றி. எனவே நீங்கள் முதலில் வாசித்துப் பாருங்கள். ஒரு வீட்டின் வரைபடத்தில் தொடங்கி விரியும் இவரது ‘ஸ்ட்ரேஞ்ச் ஹவுசஸ்’ நூலும் அதே ஆண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அது இதைவிட மெலிந்தது, முடிவும் நம்பக் கடினமானது.

வாசகருக்குத் தடயத்தை மறைக்காமல் எழுதுவது பழைய வழக்கம். ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இலேயே துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார்: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தோன்றியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் காட்ட வேண்டும், இயற்கைக்கு மீறியவற்றைக் கொண்டு முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பன அவற்றிற் சில. 2012இல் வெளிவந்த கிலியன் ஃபிளினின் ‘கோன் கேர்ள்’ பெற்ற பெருவெற்றிக்குப் பிறகு, கதைசொல்லியே பொய் சொல்லுகிற, கடைசியில் எல்லாவற்றையும் தலைகீழாக்குகிற குடும்பத் திகில் நாவல்கள் சந்தையை நிரப்பின. ஒரு கட்டத்தில் அந்தத் தந்திரம் வாசகருக்குப் பழகிவிட்டது. இன்றைய மர்ம நாவல்களின் புதுமை என்று எதையாவது சொல்லவேண்டுமானால், அது நொக்ஸின் நேர்மைக்குத் திரும்பியதுதான். அவுஸ்திரேலியரான பெஞ்சமின் ஸ்டீவன்சன் 2022இல் வெளியிட்ட ‘எவ்ரிவன் இன் மை ஃபமிலி ஹாஸ் கில்ட் சம்வன்’ அந்த விதிகளை நூலின் முகப்பிலேயே தருகிறது. எந்தப் பக்கங்களில் சாவுகள் வரும் என்பதையும் கதைசொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நகைச்சுவை சில வேளை அலுக்கும், ஆனால் பயணத்தில் வாசிக்க நல்லது.

அன்ரனி ஹொரோவிட்ஸின் சூசன் ரைலண்ட் நாவல்களை இந்த வரிசையில் மேலே வைக்கிறேன். 2016இல் வந்த ‘மக்பை மேர்டர்ஸ்’, 2020இல் வந்த ‘மூன்ஃபிளவர் மேர்டர்ஸ்’, 2025இல் வந்த ‘மார்பிள் ஹோல் மேர்டர்ஸ்’ என இதுவரை மூன்று. சூசன் ஒரு பதிப்பாசிரியர். அவர் கையில் வரும் துப்பறியும் நாவல் முழுமையாக எங்களுக்கும் தரப்படுகிறது, அந்த நாவலுக்குள் ஒளிந்திருக்கும் செய்தியைக் கொண்டு வெளியே நடந்த குற்றத்தை அவர் அவிழ்க்க வேண்டும். ஒரே விலைக்கு இரண்டு நாவல்கள் என்று சொல்லலாம். மூன்றையும் வெளிவந்த ஒழுங்கிலேயே வாசியுங்கள். மூன்றாவதில் முதலாவதின் முடிவு பேசப்படுகிறது. ரிச்சர்ட் ஒஸ்மனின் ‘த தேர்ஸ்டே மேர்டர் கிளப்’ 2020இல் தொடங்கிய தொடர். ஐந்தாம் நூலான ‘தி இம்பொசிபிள் ஃபோர்ச்சூன்’ 2025 செப்ரெம்பரில் வந்தது. ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் வாழும் நால்வர் கொலைகளை ஆராய்கிறார்கள். மர்மம் நடுத்தரம், முதுமையையும் நினைவு மறதியையும் துணை இழத்தலையும் பற்றி அவர் எழுதுகிற இடங்களுக்காகவே இதை வாசிக்கலாம்.

பொலிஸ் கதாநாயகர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்துக்குள் இருந்தும் அதற்கு வெளியாளாக நிற்பவர் தேடினால் கதைக்கு வேறு உயிர் வந்துவிடுகிறது. வசீம் கானின் ‘மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்’ 1949ஆம் ஆண்டின் கடைசி இரவில் பம்பாயில் தொடங்குகிறது. இந்தியாவின் முதலாவது பெண் பொலிஸ் இன்ஸ்பெக்டராக ஆசிரியர் கற்பனை செய்த பெர்சிஸ் வாடியா, எவரும் விரும்பாத அதிகாரிகளை ஒதுக்கிவைக்கும் ஒரு நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். அங்கே வந்துசேரும் வழக்கு ஓர் ஆங்கிலேயப் பிரமுகரின் கொலை. பிரிவினையின் காயம் ஆறாத நாட்களில், உண்மையைக் கண்டுபிடிப்பதைவிட ‘ஏற்கக்கூடிய’ ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிகாரம் அவசரப்படுவதை இந்த நாவல் நன்றாகக் காட்டுகிறது. அபீர் முகர்ஜியின் ‘எ ரைசிங் மான்’ 1919ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நிகழ்வது. ஆங்கில அதிகாரி சாம் விண்டமைவிட, அவருக்குக் கீழே பணியாற்றும் வங்காளி சுரேந்திரநாத் பானர்ஜி எங்களுக்கு நெருக்கமானவர். ஆட்சியாளரின் பொலிஸில் வேலை செய்யும் சுதேசியின் சங்கடம் அவருடையது.

இதே வகையில் லிஸ் மூர் 2024இல் வெளியிட்ட ‘த கொட் ஒஃப் த வூட்ஸ்’ நாவலுக்குச் சற்றுக் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். 1975 ஓகஸ்ட்டில், அமெரிக்காவின் அடிரொண்டாக் மலைக்காட்டில் நடக்கும் ஒரு கோடைப் பாசறையிலிருந்து, அந்தக் காணியின் சொந்தக்காரரான பணக்காரக் குடும்பத்தின் மகள் பார்பரா காணாமற் போகிறாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அண்ணனும் அதே காட்டில் காணாமற் போயிருந்தான். காலம் முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. அத்தியாயத் தலைப்பில் ஆண்டைப் பார்க்காமல் வாசித்தால் குழம்பிவிடுவீர்கள். விசாரணைக்கு வருகிறவர்களில் யூடிற்றா என்ற இளம் பெண் அதிகாரி, ஆண்களின் கேலிக்கு நடுவே, ஊழியர்களும் சமையற்காரரும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். பெரிய வீட்டார் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு போன முந்தைய விசாரணை எங்கே பிழைத்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. காட்டை அறிந்தவர்கள் இந்த நாவலை வேறு விதமாக வாசிப்பார்கள். முதிரையும் பாலையும் நிற்கும் எங்கள் காட்டில் வழி தவறியவர் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஊர்கள் இவை. அந்தப் பாசறையிலும் முதல் நாள் அதுதான் பாடம். நாவல் நீளமானது, மெதுவானது. காணாமற் போன பிள்ளையின் தாயை எழுதிய பக்கங்கள் கனமானவை. விடுமுறையின் முதற்பாதியில், மனம் ஓய்வாக இருக்கும்போது தொடங்குங்கள்.

இனி இந்தத் தீவுக்குள் வருவோம். ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ 2022இல் புக்கர் பரிசு பெற்றது என்பதால் அதை இலக்கியம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். உண்மையில் அது ஒரு கொலை மர்மம். மாலி ஒரு போர்ப் புகைப்படக்காரர், சூதாடி. 1990இன் கொழும்பில் அவர் இறந்தபின் கண் விழிக்கிறார். தன்னைக் கொன்றது யார் என்பது அவருக்கே நினைவில்லை. அதைக் கண்டறியவும், கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்த புகைப்படங்கள் உரியவர்களிடம் போய்ச்சேரவும் அவருக்கு ஏழு நிலவுகள் தவணை. நாவல் முழுவதும் ‘நீ’ என்று அவரையே விளித்துச் சொல்லப்படுகிறது. இறந்தவர்கள் நிரம்பிய கந்தோர் வரிசைகளில் பத்திரங்களோடு நிற்கிற காட்சிகளில் சிரிப்பு வரும், உடனே அடங்கும். நீங்கள் விதித்த நிபந்தனையை இந்த நூல் மீறுகிறது என்பதை மறைக்கக் கூடாது. வெட்டுண்ட உடல்கள் இதில் உண்டு. ஆயினும் வன்முறையைக் காட்டி வாசகரைத் துள்ளவைப்பது இதன் நோக்கமன்று. யார் யாரைக் கொன்றார்கள் என்ற கேள்விக்கு எந்தத் தரப்பையும் தப்பவிடாமல் பதில் தேடுகிறது. உங்களுக்கு விருப்பமிருந்தால் மட்டும். தாயாருக்குக் கதையாகச் சொல்லவும் வேண்டாம்.

மைக்கல் ஒண்டாச்சியின் ‘அனில்ஸ் கோஸ்ட்’ 2000இல் வந்தது, எனவே புதியது அன்று. ஆனால் எங்கள் நாட்டைப் பற்றிய மர்ம நாவல் என்று கேட்டால் அதைத் தாண்டிப் போக முடியாது. தடயவியல் மானிடவியலாளரான அனில், தொல்லியலாளர் சரத்துடன் சேர்ந்து, பழங்கால எலும்புகளுக்கு நடுவே கிடந்த ஓர் அண்மைக்கால எலும்புக்கூடு யாருடையது என்று தேடுகிறாள். மண்ணின் மாதிரியும், உழைப்பு எலும்பில் விட்டுச்சென்ற அடையாளமும் அவளுக்குக் கிடைக்கும் சாட்சிகள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காகக் கிடங்கு வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அதன் பின் எலும்பு, உடைத் துண்டு, மண் படை என்ற சொற்கள் செய்தித்தாளில் அடிக்கடி வந்தபோது, அவை ஏன் முக்கியமானவை என்பது இந்த நாவலை முன்பே வாசித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெயரற்ற ஒருவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பதே இதிலுள்ள முழுத் துப்பறிதலும். அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பசேஜ் நோர்த்’ 2021இன் புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது. பாட்டியைப் பராமரித்த ராணி தன் ஊரில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் என்ற தொலைபேசிச் செய்தியோடு அது தொடங்குகிறது. கிரிஷான் கொழும்பிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் செத்தவீட்டுக்குப் போகிறான். அது விபத்தா என்ற ஐயம் அவனோடு ரயிலில் வருகிறது. திகில் நாவலின் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், வசனங்கள் பக்கக்கணக்கில் நீளும்; ஆனால் போரில் பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் சாவை விசாரிக்க எந்தத் துப்பறிவாளரும் வரப்போவதில்லை என்பதை இவ்வளவு நிதானமாக எழுதிய நூல் வேறு கிடைப்பது அரிது.

வேகம்தான் வேண்டும் என்றால் அமண்டா ஜயதிஸ்ஸ இருக்கிறார். 2021இல் வந்த ‘மை ஸ்வீட் கேர்ள்’, இலங்கையின் அநாதை இல்லமொன்றிலிருந்து அமெரிக்கத் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்ட பலோமாவின் கதை. சான் பிரான்சிஸ்கோவில் அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவன் இறந்து கிடக்கிறான், பிறகு பிணத்தைக் காணவில்லை. 2022இல் வந்த ‘யூ ஆர் இன்வைட்டெட்’ கொழும்பின் செல்வர் வீட்டுக் கலியாணத்தைச் சுற்றியது. இவற்றில் அதைத்தான் விடுமுறைக்கு ஏற்ற இலகுவான நூல் என்பேன். 2024இல் வந்த ‘ஐலண்ட் விச்’ பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமமொன்றில் பேயோட்டுபவரின் மகளைப் பற்றியது. மோகினிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கும்.

தாயாருக்கான தமிழ் நூல்களில் என் முதல் தெரிவு இரா. முருகவேள் 2014இல் எழுதிய ‘மிளிர் கல்’. கண்ணகி நடந்துபோன வழியை ஆவணப்படமாக்கப் புறப்படும் ஓர் இளம்பெண், அவளோடு சேரும் நண்பன், ஒரு பேராசிரியர். அதே வழியில் நிலத்தடியிலுள்ள இரத்தினக் கற்களைத் தேடி அலையும் நிறுவனங்களும் அவற்றின் ஆட்களும். சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்ற சிலப்பதிகாரக் கேள்வி இங்கே ஒரு திகில் நாவலின் அச்சாகிவிடுகிறது. மதுரையை எரித்த பின் கண்ணகி வந்து தங்கிய இடம் வற்றாப்பளை என்று நம்புகிற ஊர் உங்களுடையது. அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதைத் தாயார் ஆண்டுதோறும் கண்டிருப்பார். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மேற்கு மலைவரை நீளும் நாவலின் பாதையை வாசிக்கும்போது, அந்தப் பாதை எங்கள் பக்கத்திலும் ஏன் தொடர்கிறது என்று அவரே உங்களுக்கு விளக்கக்கூடும். இடையிடையே வரலாற்று விவாதங்கள் நீண்டு கதையை நிறுத்துகின்றன. அவற்றை அவர் விரும்புவார் என்றே நினைக்கிறேன்.

ஜெயமோகனின் ‘பத்து லட்சம் காலடிகள்’ தொகுப்பில் ஓய்வுபெற்ற கேரளப் பொலிஸ் அதிகாரி ஔசேப்பச்சன் நண்பர்களோடு இருக்கும்போது பழைய வழக்குகளைச் சொல்கிறார். சிறுகதைகள் என்பதால் சமையலுக்கும் பகல் நித்திரைக்கும் இடையில் ஒவ்வொன்றாக வாசிக்கலாம். தலைப்புக் கதையில் மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்களின் கப்பல் கட்டும் மரபு குற்றத்தின் உள்ளே பின்னப்பட்டிருக்கிறது. அவரே எழுதிய ‘உலோகம்’ ஈழ இயக்கத்தவர் ஒருவரை நாயகனாகக் கொண்ட திகில் நாவல். வேகம் உண்டு, ஆனால் அது வெளியிலிருந்து பார்த்து எழுதப்பட்டது என்பது இங்குள்ளவர்களுக்கு விரைவில் தெரிந்துவிடும், தாயாருக்கு வேண்டாம். ஓர்ஹான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’, ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு இஸ்தான்புல்லில் கொல்லப்பட்ட நுண்ணோவியன் ஒருவன் கிணற்றின் அடியிலிருந்து பேசுவதோடு அது தொடங்குகிறது. அதன் பிறகு நாயும் மரமும் நாணயமும்கூடப் பேசும். பொறுமையான வாசகர் என்றால் மட்டும் கொடுங்கள்.

ஈழத்து நாவலின் தொடக்கத்திலும் மர்மச் சுவை இருந்தது என்பதை உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் சொல்லலாம். சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’, கெய்ரோவில் குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவன் தன் பிறப்பை அறிந்துகொள்ளும் கதை. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் அப்படித்தான் வந்தது. அதுவும் செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ போன்றவையும் வன்னியின் காட்டையும் குளத்தையும் குடியேறிய விவசாயியையும் சுரண்டலையும் எழுதின. ‘காட்டாறு’ போன்ற நாவல்களில் குற்றவாளி யார் என்பது முதற்பக்கத்திலிருந்தே தெரியும். துப்பறிய எதுவும் இருக்கவில்லை.

நூல்களைப் பெறுவது பற்றி: ஆங்கில நூல்கள் கொழும்பின் பெரிய புத்தகக் கடைகளிலிருந்து தபாலில் வரும், விலைதான் சுடும், ஹலெட், ஒஸ்மன், ஹொரோவிட்ஸ் மூவரின் மலிவுப் பதிப்புகளும் பழைய புத்தகக் கடைகளில் அகப்படுவதுண்டு. உகெட்சுவை மட்டும் கைத்தொலைபேசியில் வாசிக்க முயலாதீர்கள், படங்களின் நுணுக்கம் சிறு திரையில் தெரியாது. தமிழ் நூல்களுக்கு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையிடம் முன்கூட்டிக் கேட்டு வைப்பது நல்லது, புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் பொதி அனுப்புவது தாமதமாகும். பழைய ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம் இருக்கிறது, செலவில்லை. பணம் ஆளுக்கு ஒரு நூலுக்கு மட்டுமே உண்டென்றால் உங்களுக்கு ‘தி அப்பீல்’, தாயாருக்கு ‘மிளிர் கல்’. இரண்டாவதை வைகாசிப் பொங்கலுக்கு முன் அவர் முடித்துவிடும்படி கொடுங்கள். அதன் பிறகு சோளகம் பெயர்ந்து, இரண்டாந் தவணையும் தொடங்கிவிட்டால் வீட்டில் எவருக்கும் நேரமிராது.